திருமணப் பந்தமும் விவாகரத்தும்: திருச்சபை கூறுவது என்ன?



"சுவாமி, இப்ப எங்கட கோயிலும் டிவோர்ஸ் குடுக்குதாமே?" இக்கேள்வியைக் கேளாத பங்குக் குருவானவர் இன்று அரிது. கேட்பவர்களுள் சிலர் ஆறுதலோடு கேட்கின்றனர். சிலர் ஆத்திரத்தோடு கேட்கின்றனர். திருச்சபை தன் போதனையை மாற்றிவிட்டது என்று ஒரு சாராரும், திருச்சபைக்கு உடைந்த குடும்பங்கள்மீது இரக்கமே இல்லை என்று மற்றொரு சாராரும் பேசிக்கொள்கின்றனர். இரண்டும் தவறு. இத்தவறான எண்ணங்களால், தேவையில்லாமல் நற்கருணையை விட்டு விலகி நிற்பவர்களும் உண்டு. உயிருக்கு ஆபத்தான வீட்டில் பொறுமை என்ற பெயரில் அடைபட்டுக் கிடப்பவர்களும் உண்டு. எனவே இப்பொருளைச் சற்று நிதானமாகப் படிப்போம்.

1. உலகம் எங்கே நிற்கிறது?

கத்தோலிக்க நாடுகள் எனப் பெயர்பெற்றவை கூட இன்று விவாகரத்தைச் சட்டமாக்கியுள்ளன. இத்தாலி 1970-ம் ஆண்டில் விவாகரத்துச் சட்டத்தை இயற்றியது. அதை நீக்கவேண்டுமா என 1974-ல் மக்களிடம் கேட்கப்பட்டபோது, பெரும்பான்மையினர் அது இருக்கட்டும் என்றே வாக்களித்தனர். அயர்லாந்து மக்கள் 1986-ல் விவாகரத்தை மறுத்தனர். 1995-ல் சுமார் 9 ஆயிரம் வாக்குகள் வித்தியாசத்தில் அதை ஏற்றுக்கொண்டனர். மோல்ற்றாத் தீவும் 2011-ல் அவ்வழியே சென்றது.

பிற சமயத்தவரும் பிற சபையினரும் இதனைப் பலவாறாக நோக்குகின்றனர். கீழைத் தேச ஒர்த்தொடொக்ஸ் சபைகள் திருமணம் நிலையானது என்று போதித்தாலும், மனித பலவீனத்தை முன்னிட்டுத் தவக்கோலத்துடன் கூடிய இரண்டாம் திருமணத்துக்கு இடமளிக்கின்றன. இங்கிலாந்துத் திருச்சபை 2002-ம் ஆண்டு முதல், விசேட சூழ்நிலைகளில் விவாகரத்துப் பெற்றோரின் மறுமணத்தைக் கோயிலில் நடத்த அனுமதிக்கிறது. இஸ்லாம் திருமணத்தை ஓர் உடன்படிக்கையாகக் கொண்டு, விலக்குக்கும் விதிமுறைகளை வகுத்துள்ளது. இந்து தர்மம் திருமணத்தை ஒரு சமஸ்காரமாகப் போற்றுகிறது. எனினும் இந்தியாவின் 1955-ம் ஆண்டு இந்து விவாகச் சட்டம் விவாகரத்துக்கு வழிவகுத்தது.

இவர்களுள் எவரையும் குறைகூறுவது நம் நோக்கமன்று. உலகமே ஒரு திசையில் செல்லும்போது, திருச்சபை ஏன் வேறொரு வார்த்தையைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது என்பதை அறிவதே நம் நோக்கம்.

2. ஆண்டவர் என்ன கூறினார்?

மோயீசனின் சட்டம் (உபாகமம் 24:1-4) கணவன் மனைவிக்கு விலக்குச் சீட்டு எழுதிக்கொடுத்து அனுப்பும் வழக்கத்தைக் குறிப்பிடுகிறது. எக்காரணத்துக்காக அனுப்பலாம் என்பதில் யூத ஆசிரியர்களிடையே பெரும் வாதம் இருந்தது. சம்மாய் என்பாரின் பள்ளி, ஒழுக்கக்கேடு இருந்தால் மட்டுமே என்றது. ஹில்லேல் என்பாரின் பள்ளியோ, மனைவி சமையலைக் கெடுத்தாலே போதும் என்றது. அனுப்பும் உரிமை பெரும்பாலும் ஆணுக்கே இருந்தது என்பதையும், அனுப்பப்பட்ட பெண்ணுக்கு வீடும் ஆதரவும் இல்லாமற் போயின என்பதையும் நாம் மறக்கலாகாது.

இவ்வாதத்துக்குள் இயேசுவையும் இழுக்க முனைந்தனர் பரிசேயர் (மாற்கு 10:2-12, மத்தேயு 19:3-9). அவரோ இரண்டு பள்ளிகளில் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. மோயீசன் அளித்த அனுமதி மக்களின் கடின இருதயத்தின் பொருட்டே என்றார். பின்னர், படைப்பின் தொடக்கத்துக்கே அவர்களைக் கொண்டுசென்றார். ஆணும் பெண்ணும் ஒரே உடலாவது கடவுளின் திட்டம். கடவுள் சேர்த்ததைப் பிரிக்க மனிதனுக்கு அதிகாரமில்லை என்பதே அவர் போதித்தது. மாற்குவின் நற்செய்தி இதை ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகவே கூறுகிறது. ஆகவே, ஆண்டவருடைய இவ்வார்த்தையைக் கடுமையான சட்டமாக மட்டும் பார்ப்பது சரியன்று. நினைத்தபோது தள்ளிவிடப்பட்ட பெண்ணுக்கு அது ஒரு காவலாகவும் அமைந்தது.

மத்தேயுவின் நற்செய்தியில் ஒரு விதிவிலக்குப் போன்ற சொற்றொடர் உண்டே எனச் சிலர் கேட்பர். அது, இரத்த உறவினரிடையே நடந்த முறையற்ற கூட்டுறவுகளைக் குறிப்பது என்று கத்தோலிக்க அறிஞர் பலர் விளக்குவர். அத்தகையது முதலிலேயே திருமணமாகாது.

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதியபோது (1 கொரி. 7:10-16) மேலும் ஒரு சூழ்நிலையைக் கருதினார். ஞானஸ்நானம் பெறாத இருவருள் ஒருவர் விசுவாசியாகி, மற்றவர் அமைதியோடு சேர்ந்து வாழ மறுத்துப் பிரிந்துபோனால், விசுவாசி கட்டுண்டவரல்லர் என்றார். இதனையே 'சின்னப்பர் சலுகை' என்கிறோம்.

3. திருமணத்தை ஆக்குவது எது?

தாலியா, கூறையா, பதிவுகாரரின் கையொப்பமா, குருவானவரின் ஆசீரா? இவையெல்லாம் மதிக்கத்தக்கவையே. எனினும் திருமணத்தை ஆக்குவது மணமக்களின் சம்மதம் என்பது திருச்சபையின் பழமையான போதனை. 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (சட்டம் 1057) இச்சம்மதத்தை வேறெந்த மனித அதிகாரமும் ஈடுசெய்ய முடியாது என்கிறது. தகப்பன் சொன்ன 'ஓம்' மகளின் 'ஓம்' ஆகாது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் வெளியிட்ட, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏடு (இலக்கம் 48) திருமணத்தை வெறும் ஒப்பந்தமாகக் கொள்ளாமல், வாழ்வும் அன்பும் இணைந்த உடன்படிக்கையாகக் காட்டியது. காணி உறுதி எழுதும்போது பொருளைக் கைமாற்றுகிறோம். திருமணத்தில் ஆளையே கொடுக்கிறோம், ஆளையே பெறுகிறோம். ஆளைப் பகுதியாகவோ தவணையாகவோ கொடுக்க இயலாது. ஆகையாற்றான், திருமுழுக்குப் பெற்ற இருவரிடையே முறையாக நிகழ்ந்து, தாம்பத்திய உறவால் நிறைவேறிய திருமணத்தைச் சாவைத் தவிர வேறெதனாலும் அவிழ்க்க முடியாது என்கிறது சட்டம் 1141. பாப்பரசருக்கும் அந்த அதிகாரம் இல்லை.

கத்தோலிக்கர் தங்கள் சம்மதத்தைக் குருவானவர் முன்னும் இரு சாட்சிகள் முன்னும் தெரிவிக்கவேண்டும். இது 1563-ல் திரிதெந்தின் சங்கம் வகுத்த ஒழுங்கு. ஒருவர் இரகசியமாக மணந்து, பின்பு மறுத்து, ஏமாற்றிச் செல்லும் அநியாயத்தைத் தடுக்கவே அது வந்தது. வெளிநாட்டு விசாவுக்காக 'எழுத்து' மட்டும் முடித்துவிட்டு, கோயிற் கலியாணத்தைப் பின்னுக்குப் போடும் குடும்பங்கள் இதனைக் கவனிக்கவேண்டும். அந்த 'எழுத்து' நாட்டுச் சட்டத்தின்படி முழுமையான விவாகமே. பின்னர் மனம் மாறினால் நீதிமன்றம் சென்றே தீரவேண்டும். திருச்சபையின் முன்னிலையிலோ அது இன்னும் திருமணமாகவில்லை.

4. மூன்று சொற்கள், மூன்று பொருள்கள்

குழப்பம் பெரும்பாலும் சொற்களிலேயே தொடங்குகிறது. விவாகரத்து, பிரிந்து வாழ்தல், செல்லாது எனும் தீர்ப்பு ஆகிய மூன்றும் வெவ்வேறானவை.

(அ) விவாகரத்து

இது நாட்டு நீதிமன்றம் வழங்குவது. இலங்கையில் 1907-ம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் இதற்கு மூன்று காரணங்களையே ஏற்றது: திருமணத்தின் பின் நிகழ்ந்த சோரம், தீயநோக்குடன் கைவிட்டுச் செல்லுதல், திருமண வேளையிலேயே இருந்த தீராத ஆண்மையின்மை அல்லது அதற்கொத்த குறைபாடு. கண்டிய விவாகத்துக்கென 1952-ல் வந்த சட்டம் இருவரின் சம்மதத்தையும் ஒரு காரணமாக ஏற்றது. பொதுச் சட்டத்திலோ ஒருவர் மற்றவரைக் குற்றவாளியாக்கியே வழக்காட வேண்டியிருந்தது. இதனால் பிள்ளைகளின் மனத்தில் விழும் காயம் சிறிதன்று.

நீதிமன்றம் நாட்டுச் சட்டத்தின் பந்தத்தை மட்டுமே அவிழ்க்கிறது. அருட்சாதனப் பந்தம் நிற்கிறது. அப்படியானால் கத்தோலிக்கர் நீதிமன்றம் செல்வதே பாவமா? இல்லை. பிள்ளைகளின் பராமரிப்பு, சீதனச் சொத்து, சட்ட உரிமைகள் ஆகியவற்றைக் காக்க வேறு வழியில்லையென்றால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று திருச்சபையின் மறைக்கல்வி ஏடு (இலக்கம் 2383) கூறுகிறது.

இங்கு ஒரு பெரிய தவறான எண்ணத்தைத் திருத்தவேண்டும். நீதிமன்றத்தில் விவாகரத்தான ஒருவர், மறுமணம் செய்யாது வாழ்ந்தால், அந்த விவாகரத்தின் பொருட்டு நற்கருணையினின்று விலக்கப்படுவதில்லை. கைவிடப்பட்ட நிலையிலும் தம் வார்த்தைக்குப் பிரமாணிக்கமாய் வாழ்பவர் ஒரு சாட்சியாக விளங்குகிறார் என்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981-ல் குடும்பம் பற்றி எழுதிய ஊக்கவுரையில் போற்றினார். அத்தகைய ஒரு தாயை, நன்மை வாங்க வரும் வரிசையில் ஏற இறங்கப் பார்ப்பது பாவம்.

(ஆ) பிரிந்து வாழ்தல்

பந்தம் நிற்க, கூட்டு வாழ்க்கை மட்டும் நிறுத்தப்படுவது இது. கணவனோ மனைவியோ மற்றவரின் ஆன்மாவுக்கும் உடலுக்கும், அல்லது பிள்ளைகளுக்கும், பெரும் ஆபத்தை விளைவித்தால் பிரிந்து வாழத் திருச்சபைச் சட்டம் 1153 இடமளிக்கிறது. சாதாரணமாக ஆயரின் அனுமதியைப் பெறவேண்டும். தாமதித்தால் ஆபத்து என்றால், தாமாகவே வெளியேறலாம் என்றும் அதே சட்டம் கூறுகிறது. சோரம் நிகழ்ந்தபோதும், மன்னித்து ஏற்கும்படி சட்டம் 1152 வலியுறுத்தினாலும், பிரிந்து வாழும் உரிமையை மறுப்பதில்லை. காரணம் நீங்கினால் மீண்டும் இணைவதே முறை.

"குடிச்சுப்போட்டு அடிச்சாலும் புருஷன்தானே, சிலுவையைச் சும" என்று அறிவுரை கூறும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்டவர் சுமந்த சிலுவை உலகை மீட்க அவர் மனமுவந்து ஏற்றது. ஒருவன் வெறியில் ஓங்கும் கையைச் சிலுவையென்று சொல்ல வேதாகமத்தில் ஆதாரமில்லை. அவனைத் தடுப்பது அவனுடைய ஆன்மாவுக்கும் நன்மை. பலவீனரையும் பிள்ளைகளையும் காக்கும் பொருட்டுப் பிரிவு சிலவேளைகளில் ஒழுக்கரீதியில் அவசியமாகவே ஆகலாம் எனப் பாப்பரசர் பிரான்சிஸ் 2016-ல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' என்ற ஏட்டில் (இலக்கம் 241) எழுதினார். நம் நாட்டின் 2005-ம் ஆண்டு வீட்டு வன்முறை தடுப்புச் சட்டத்தின்படி, நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறவும் வழியுண்டு. அதனை நாடுவது விசுவாசத்துக்கு மாறானதன்று.

(இ) செல்லாது எனும் தீர்ப்பு

இதனையே பலர் 'கோயில் டிவோர்ஸ்' என்று தவறாக அழைக்கின்றனர். விவாகரத்து, இருந்த பந்தத்தை அறுக்க முனைகிறது. இத்தீர்ப்போ, கோயிலில் சடங்கு நடந்திருந்தும் பந்தம் தொடக்கத்திலேயே உண்டாகவில்லை என்று, விசாரித்து அறிந்து அறிவிக்கிறது. அத்திவாரமே இடப்படாத வீட்டை, இருந்து இடிந்த வீடு என்று சொல்ல முடியாதல்லவா?

எக்காரணங்களுக்காக இது கிடைக்கும்? அச்சத்தாலும் வற்புறுத்தலாலும் பெற்ற சம்மதம் (சட்டம் 1103). "நீ இவனைக் கட்டாட்டி நான் மருந்து குடிப்பன்" என்ற தாயின் மிரட்டலுக்கு அஞ்சிப் பீடத்தின் முன் நின்ற மகளின் 'ஓம்' இங்கே ஆராயப்படும். சம்மதத்தைப் பெறுவதற்காக, இல்லற வாழ்வைப் பெரிதும் பாதிக்கும் ஒரு குணத்தையோ நிலையையோ மறைத்து ஏமாற்றுதல் (1098). பிள்ளைப்பேற்றையோ, பிரமாணிக்கத்தையோ, நிலைத்த பந்தத்தையோ உள்ளத்தில் திட்டமாக மறுத்துக்கொண்டு, வாயால் மட்டும் சம்மதித்தல் (1101). திருமணக் கடமைகளைச் சீர்தூக்கும் தெளிவில் பாரதூரமான குறைபாடு, அல்லது மனநிலைக் காரணங்களால் அவற்றை ஏற்க இயலாமை (1095). வெளிநாட்டில் ஏற்கெனவே மணமுடித்த ஒருவர் அதை மறைத்து இங்கு வந்து தாலி கட்டினால், முன்னைய பந்தமே இத்திருமணத்துக்குத் தடை (1085).

பின்னாளில் வந்த சண்டையோ, வேலையிழப்போ, சலிப்போ, மற்றொருவர்மேல் உண்டான மோகமோ காரணமாகாது. சம்மதம் கொடுத்த அந்நேரத்தில் என்ன குறை இருந்தது என்பதே கேள்வி. ஐயம் எழுந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை திருமணம் செல்லுபடியானது என்றே சட்டம் கொள்ளும் (1060).

இதற்கு முதலில் பங்குக் குருவானவரை அணுகவேண்டும். விண்ணப்பம் மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்துக்குச் செல்லும். சாட்சிகள் விசாரிக்கப்படுவர். திருமணப் பந்தத்தின் சார்பில் வாதிடவென்றே ஓர் அதிகாரி இருப்பார். பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் செய்த சீர்திருத்தம் அவ்வாண்டு டிசெம்பர் 8-ம் திகதி நடைமுறைக்கு வந்தது. இரண்டு நீதிமன்றங்கள் ஒரே தீர்ப்பை வழங்கவேண்டும் என்ற பழைய நிபந்தனை நீங்கியது. இருவரும் இணங்கி, சான்று மிகத் தெளிவாக இருக்கும் வழக்குகளை ஆயரே நேரில் குறுகிய முறையில் தீர்க்கலாம். இயன்றவரை செலவின்றி நடத்தவேண்டும் என்பதும் அதன் விருப்பம். மணமுடித்த இடத்தில் மட்டுமன்றி, இருவருள் ஒருவர் வாழும் இடத்திலும் வழக்கைத் தொடங்கலாம். புலம்பெயர்ந்த நம் உறவுகளுக்கு இது பயனுள்ள செய்தி.

"அப்படியானால் எங்கள் பிள்ளைகள் முறையற்றவர்களா?" என்று அஞ்ச வேண்டாம். ஒருவராவது நல்லெண்ணத்தோடு செய்த திருமணத்தில் பிறந்த பிள்ளைகள் முறையான பிள்ளைகளே (1137).

5. காணாமற் போனோரின் மனைவியர்

வேறு நாடுகளின் பத்திரிகைகளில் இப்பகுதிக்கு அதிகம் இடமிராது. நமக்கோ இது கண்முன் நிற்பது. 2009-ல் முடிவுற்ற போரில் காணாமற் போன கணவன்மார் எத்தனை பேர்! கடலுக்குப் போய்த் திரும்பாதோரும் உளர். விதவையுமல்லாது, சுமங்கலியுமல்லாது வாழும் அப்பெண்களின் நிலை என்ன?

கணவன் இறந்தார் என்பதற்குச் சான்று இல்லாதபோது, ஆயர் விசாரணை நடத்தி, அவர் இறந்திருக்கவேண்டும் என்று உறுதிகொண்டால் அதனை அறிவிக்கலாம் (சட்டம் 1707). நீண்ட காலம் வரவில்லை என்பது மட்டும் போதாது. கண்டோரின் சாட்சியம், அன்றைய சூழ்நிலை, ஊரறிந்த செய்தி யாவும் சேர்த்து ஆராயப்படும். நாட்டுச் சட்டத்தில் 2010-ம் ஆண்டுச் சட்டத்தின்படி மரணப் பதிவும், 2016-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி காணாமற் போனமைக்கான சான்றிதழும் வழங்க வழிசெய்யப்பட்டது. ஆயினும் அவை நிருவாகத் தேவைகளுக்கானவை. ஆயரின் அறிவிப்புக்கு அவை துணையாகலாம், அதற்கு ஈடாகா.

அறிவிப்பின் பின் மறுமணம் செய்யும் பெண்ணைத் தூற்றவேண்டாம். அவர் திருச்சபையின் வழியே நடந்தவர். வருவார் என்று காத்திருக்கும் பெண்ணை "செத்தவனுக்காக ஏன் காத்திருக்கிறாய்" என்று குத்தவும் வேண்டாம். அவருடைய நம்பிக்கையைத் தொடும் உரிமை நமக்கில்லை. இருவருக்கும் தேவைப்படுவது பங்கு மக்களின் கைகொடுப்பே.

6. மறுமணம் செய்து வாழ்வோர்

முதற் பந்தம் நிற்க, நாட்டுச் சட்டப்படி மட்டும் மறுமணம் செய்தோர் திருச்சபைக்குப் புறம்பானவர்களல்லர். அவர்கள் சபைவிலக்கம் பெற்றவர்களுமல்லர். திருப்பலிக்கு வரலாம், வரவும் வேண்டும். செபத்திலும் பிறரன்புப் பணியிலும் பங்குகொள்ளலாம். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானமும் மறைக்கல்வியும் பெற்றுக்கொடுக்கலாம். இதனை இரண்டாம் அருளப்பர் சின்னப்பரே 1981-ல் வலியுறுத்தினார். அவர்களின் நிலை கிறிஸ்துவுக்கும் திருச்சபைக்கும் இடையேயுள்ள பிரியாத அன்பின் அடையாளத்துக்கு முரணாக இருப்பதால், நற்கருணை பெறுவதற்கில்லை என்றும் அவர் எழுதினார். சகோதரர்போல் வாழ உறுதிகொள்வோருக்கு வழி திறந்திருந்தது.

பாப்பரசர் பிரான்சிஸ், திருமணம் பிரியாதது என்ற போதனையை மாற்றாமலே, எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது என்றார். அநியாயமாகக் கைவிடப்பட்டவரும், அநியாயமாகக் கைவிட்டவரும் ஒன்றாவரோ? ஒவ்வொருவரும் குருவானவரோடு அமர்ந்து, தம் மனச்சாட்சியையும் முன்னைய குடும்பத்துக்குத் தாம் செய்யவேண்டிய கடனையும் ஆராயவேண்டும். சில நிலைகளில் அருட்சாதனங்களின் உதவியும் இதில் அடங்கலாம் என அவ்வேட்டின் ஓர் அடிக்குறிப்பு கூறுகிறது. இது தானாகக் கிடைக்கும் அனுமதிச் சீட்டன்று. வீதியில் கேட்ட செய்தியைக்கொண்டு யாரும் தாமே தீர்ப்பிட்டுக்கொள்ளாமல், தம் பங்குக் குருவை அணுகுவார்களாக.

7. நம் வீட்டிலிருந்து தொடங்குவோம்

உடைந்ததை ஒட்டுவதைப்பற்றி இவ்வளவும் பேசினோம். உடையாமற் காப்பது பெற்றோர் கையில் பெருமளவு உள்ளது. மாப்பிள்ளையின் விசாவையும் சம்பளத்தையும் விசாரிக்கும் நாம், அவனுடைய குணத்தையும் குடிப்பழக்கத்தையும் விசாரிக்கிறோமா? சீதன வீட்டின் பரப்பைப் பேசித் தீர்க்க மாதக்கணக்கிற் செலவிடும் நாம், பெண்ணும் பிள்ளையும் தனித்துப் பேச ஒரு பின்னேரத்தையாவது ஒதுக்குகிறோமா? திருமண ஆயத்த வகுப்பை, சான்றிதழ் பெறும் சடங்காக எண்ணி அவசரப்படுத்துகிறோமே, அது நியாயமா? சண்டை வந்ததும் இரு வீட்டாரும் கச்சை கட்டிக்கொண்டு நிற்கும் வழக்கத்தையும் நாம் விடவேண்டும். மகளின் கண்ணீரைக் கேட்பது பெற்றோர் கடன். மருமகன் பக்க நியாயத்தையும் கேட்பது அதே கடனின் மறுபாதி.

பிரியாத அன்பை மனித பலத்தால் மட்டும் காக்க முடியாது என்பதை அறிந்தே, ஆண்டவர் திருமணத்தை அருட்சாதனமாக்கினார். அவ்வருளைத் தினமும் கேட்டுப் பெறுவோம்.

குடும்பங்களிலும் பங்கு மன்றங்களிலும் சிந்திக்க:

1. விவாகரத்து, பிரிந்து வாழ்தல், செல்லாது எனும் தீர்ப்பு ஆகியவற்றின் வேறுபாட்டை உங்கள் பிள்ளைகளுக்கு விளக்க உங்களால் முடியுமா?

2. நம் மகனோ மகளோ இத்திருமணத்தை மனதார விரும்புகிறாரா என்பதை எப்படி அறிவோம்? "வேண்டாம்" என்று சொல்லும் துணிவை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறோமா?

3. நம் அயலில் கைவிடப்பட்ட, அல்லது கணவனைத் தேடிக் காத்திருக்கும் சகோதரி யார்? இம்மாதம் அவருடைய வீட்டுக்கு நம் குடும்பம் சென்று என்ன உதவி செய்யலாம்?

4. மாற்கு 10:2-12-ஐக் குடும்பச் செபத்தின்போது சேர்ந்து வாசியுங்கள். சிறுபிள்ளைகளை இயேசு அணைத்து ஆசீர்வதித்த நிகழ்ச்சி உடனே அடுத்து வருவதைக் கவனியுங்கள். அவ்விரு பகுதிகளையும் சுவிசேஷகர் ஏன் அடுத்தடுத்து வைத்தார் எனச் சிந்தியுங்கள்.